ஊர்ப் படமன்றத்துக்குப் புரொஜெக்டர் வாங்க வசூல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து:
புரொஜெக்டர் விலையை மட்டும் இலக்காக வைத்து வசூலுக்கு இறங்கிவிடாதீர்கள். பெட்டி வந்த பிறகுதான் திரை, கேபிள், யுபிஎஸ் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அப்போது அதே வீட்டுப் படியை மறுபடி ஏறினால் கொடுத்த கையும் சுருங்கும். நோட்டீஸ் அடிக்கும் முன் டேப்பை எடுத்து இடத்தை அளந்துவிடுங்கள். 16:9 வடிவப் படம் 10 அடி அகலம் என்றால் உயரம் 5.6 அடி வரும். த்ரோ ரேஷியோ, அதாவது திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண், 1.5 உள்ள புரொஜெக்டர் திரையிலிருந்து 15 அடி தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து லேப்டாப் மேசை எவ்வளவு தூரம் என்பதுதான் கேபிள் செலவைத் தீர்மானிக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் படம் விட்டுவிட்டு வரலாம், ஆப்டிகல் கேபிள்தான் வாங்க வேண்டும். அதன் ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் திரை கறுப்பாகவே கிடக்கும். கேபிளில் ஒரு கோளாறும் இருக்காது.

வெளிச்சத்தில் ஏமாறாதீர்கள். பெட்டியில் வெறும் லூமன் (வெளிச்ச அளவு) என்று எவ்வளவு பெரிய எண்ணும் போடலாம். தர முறைப்படி அளந்த ஆன்சி லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். இருட்டிய பிறகு முற்றத்தில் 10 அடித் திரைக்கு 3000 இருந்தால் படம் தெளிவாக விழும்.

குளச்சலிலிருந்து:
தக்கலை அண்ணாச்சி சொன்ன பட்டியலில் யுபிஎஸ்ஸை மேலே ஏற்றுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், புரொஜெக்டர் பொட்டென்று நிற்கும். சூடான விளக்கை ஆற்ற மின்விசிறி சுற்றாமல் போனால் விளக்கின் ஆயுள் குறையும். 1 கேவிஏ யுபிஎஸ் இருந்தால் ஒழுங்காக அணைக்கப் போதுமான நேரம் கிடைக்கும். கடற்கரை ஊர் என்றால் மூடி இறுகும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்து எழுதுங்கள். உப்புக்காற்று பின்களைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

பணம் திரட்ட நம் பக்கத்தில் ஏலத்தை மிஞ்சியது இல்லை. ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை), செந்தொழுவன் குலை (செவ்வாழைக்குலை), சக்கை (பலாப்பழம்), சேவல் என்று வீட்டுக்கு ஒரு பொருள் கேளுங்கள். பணமாகத் தர முடியாதவர்களும் மனசாரத் தருவார்கள். ஆனால் ஏலம் பிடித்த தொகை அன்றே கைக்கு வராது. பெயர், பொருள், தொகை மூன்றையும் அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு வாரத்துக்குள் வசூலித்துவிட வேண்டும். பாக்கியை வரவாக நினைத்து கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தால் மீதியைக் கட்ட முடியாமல் போகும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
குலுக்கல் சீட்டு வேண்டவே வேண்டாம். களியக்காவிளைக்கு அப்பால் கேரள அரசே லாட்டரி விற்கிறது என்பதால் இங்கேயும் நடத்தலாம் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது.

வளைகுடாவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால் வரும். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. கியூஆர் கோடு மன்றத்தின் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும், செயலாளரின் சொந்த எண்ணுக்கு ஒருபோதும் வேண்டாம். எவ்வளவு நல்லவர் என்றாலும் அவரையும் காப்பாற்றுவது அதுதான். டிக்கெட் வைத்துப் படம் போட்டு நிதி சேர்ப்பதாக இருந்தால் அந்தப் படத்தின் உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓடிடி சந்தா வீட்டில் பார்க்க மட்டும்தான்.

தோவாளையிலிருந்து:
திரைக்கு ஒதுக்கும் பணத்தில் கை வைக்காதீர்கள். பளபளப்பான பிளெக்ஸ் நடுவில் வெளிச்சத்தைக் குவித்துக் கண்ணைக் கூச வைக்கும். பளபளப்பில்லாத வெள்ளைத் துணி, பின்னால் கறுப்புத் துணி, அடியில் நுழைக்க ஒரு பிவிசி குழாய், பக்கத்துக்கு 3 கயிறு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று கிளம்பினால் மேலே மட்டும் கட்டிய திரை கப்பல் பாய் போல விரிந்து கம்பத்தையே சாய்க்கும்.