மாறுகோணமா, மாறுபுரியா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் விமானக் கலைச்சொல் பட்டியலில், வேரியபிள் பிட்ச் புரொப்பெல்லருக்கு, அதாவது அலகுகளைத் திருப்பி அமைக்கக்கூடிய விமானச் சுழலிக்கு, 'மாறுகோண உந்தி' என்று முடிவாகப் போகிறது எனத் தெரிகிறது. முடிப்பதற்கு முன் என் மறுப்பையும் கேளுங்கள். 'உந்தி' எனக்குச் சம்மதம். 'கோணம்'தான் இடிக்கிறது, அந்த இடத்தில் 'புரி' வர வேண்டும்.

போன மாதம் என் தம்பி மகன் பெர்த்திலிருந்து வந்திருந்தான். அங்கே வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். எஞ்சின், 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912. எந்த உந்தி வாங்குவது என்று அவனுக்குக் குழப்பம். நான் சிங்கப்பூரில், சிலேத்தாரில் பல வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். ஜாலான் காயுவில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். கூட இருந்த அவன் அம்மா, "அதென்ன மாமா, பிட்ச் பிட்ச்சுன்னே பேசறீங்க?" என்றார். பையில் கிடந்த மர ஸ்க்ரூ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதை ஒரு சுற்று திருப்பினால் மரத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, அந்தத் தூரம்தான். உந்தி என்பது காற்றுக்குள் இறங்குகிற ஸ்க்ரூ." அவர் ஸ்க்ரூவின் வரிகளை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "அட, புரி! அப்படியே சொல்ல வேண்டியதுதானே" என்றார். அவருடைய அப்பா கடைசல் பட்டறை வைத்திருந்தவர்.

அவர் சொன்னதுதான் சரி. திருகு அளவிப் பாடத்தில் 'புரியிடைத் தூரம்' என்று நாம் படித்ததும் இதே பொருளைத்தான். சொல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

கோணம் ஏன் கூடாது? உந்தியின் அலகை, அதாவது சுழலும் இலையை, கையில் எடுத்துப் பாருங்கள். அலகுகள் பொருந்தும் நடுக்குடத்தருகே நன்றாக நிமிர்ந்து நிற்கும், நுனிக்குப் போகப் போகப் படுத்துவிடும். ஒரு சுற்றில் நுனி போடும் வட்டம் பெரியது, அடி போடும் வட்டம் சிறியது. இரண்டும் ஒரே தூரம் முன்னேற வேண்டுமென்றால் கோணம் இடத்துக்கு இடம் வேறாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரே கட்டையில் செதுக்கிய, எதுவுமே அசையாத மர உந்தியிலும் கோணம் மாறிக்கொண்டேதான் போகிறது. அப்படியானால் அதுவும் 'மாறுகோண உந்தி'தானே? பிரிக்க வேண்டிய இரண்டையும் இந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

"மெக்கானிக் பாகைமானி வைத்துத்தானே சரிசெய்கிறார்?" என்று நம் நண்பர்களில் ஒருவரான ஈசூன் அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால், அலகில் குறிப்பிட்ட ஓரிடத்தில் வைத்து அளக்கும் அளவு அது. அதற்கு 'அலகுக் கோணம்' என்ற பெயர் இருக்கட்டும். அளக்கும் வழியை வைத்துப் பொருளுக்குப் பெயரிட வேண்டாம்.

அடுத்தது 'மாறு'. தமிழில் மாறு வேறு, மாற்று வேறு. இந்த வித்தியாசம் இங்கே பெரிய உதவி. சில உந்திகளில், எஞ்சினை நிறுத்திவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, அலகைத் திருப்பி, மறுபடி முறுக்க வேண்டும். அது தரைமாற்றுபுரி. பறக்கும்போதே விமானி மாற்றினால் வான்மாற்றுபுரி. எஞ்சின் சுழற்சி ஒரே வேகத்தில் இருக்கும்படி கவர்னர் என்ற வேகக் கட்டுப்படுத்தி தானாகவே திருப்பிக்கொண்டால் தன்மாறுபுரி. எதுவுமே மாறாதது நிலைப்புரி. பிரிட்டனின் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் முதலில் வந்தவை மரத்தாலான நிலைப்புரியோடு வந்தன, அப்புறம் இரண்டு நிலை வான்மாற்றுபுரி, 1940 கோடையில் தன்மாறுபுரி. மூன்றையும் குழப்பமில்லாமல் சொல்ல முடிகிறது, பாருங்கள்.

'மாற்றுப்புரி' என்று ஒற்று மிகுந்தால் 'வேறொரு புரி' என்றாகிவிடும். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, ஒற்று வராது. அச்சில் இதை விடாமல் கவனிக்க வேண்டும். 'கைமாற்றுபுரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கைமாற்று என்றால் நம் ஆட்களுக்குக் கடன்தான் நினைவுக்கு வரும், வேண்டாம்.

புரியின் அளவுக்குக் குறும்புரி, நெடும்புரி போதும்: ஒரு சுற்றில் குறைந்த தூரம் போவது குறும்புரி, நிறையப் போவது நெடும்புரி. தம்பி மகனிடம் இப்படித்தான் சொன்னேன்: குறும்புரி ஏறுவதற்கு நல்லது. ஆனால் சமமாகப் பறக்கும்போது எஞ்சின் சுழற்சி எகிறிவிடும், எரிபொருள் விசையைக் குறைத்துப் பிடிக்க வேண்டும். அவன் எஞ்சினை நிமிடத்துக்கு 5800 சுற்றில் ஐந்து நிமிடம்தான் ஓட்டலாம், தொடர்ந்து ஓட்ட 5500. நெடும்புரி தூரப் பயணத்துக்கு நல்லது, ஆனால் புறப்படும்போது எஞ்சின் திணறி, ஓடுதளத்தை நிறையத் தின்றுவிடும். டாப் கியரில் சைக்கிளை மேட்டில் மிதிப்பது போல. தன்மாறுபுரி இரண்டையும் தரும். ஆனால் விலை கூடும், மூக்கில் எடை ஏறும், பராமரிப்பும் அதிகம். முதல் விமானம், இன்னும் பறந்தே பார்க்கவில்லை. தரைமாற்றுபுரியை வாங்கி, பறந்து பார்த்து, அரைப் பாகை அரைப் பாகையாகத் திருத்திக்கொள் என்றேன். அதையே வாங்கிவிட்டான்.

கடைசியாக ஒன்று. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால், இழுவை குறைய அலகின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துவார்கள். ஆங்கிலத்தில் ஃபெதரிங் என்பார்கள், பட்டியலில் அதற்கு 'இறகாக்கல்' என்று இருக்கிறது. கேட்டால் ஒன்றும் புரியவில்லை. நாம் இடம் குறைந்த பாயில் எப்படிப் படுப்போம்? ஒருக்களித்து. 'நின்ற எஞ்சினின் உந்தியை ஒருக்களி' என்று கையேட்டில் எழுதினால் விமானிக்கு உடனே விளங்கும். 'ஒருக்களிப்பு' என்று போடலாமா?