புதுப்பிப்பு: வீச்சுவலை ஈயக்குண்டு வார்ப்பு

மட்டக்களப்பு வாவியில் வீசும் வலைக்கு வீட்டில் வார்த்த ஈயக்குண்டுகள் சுருக்கம் விழுந்து, எடையும் ஒத்துவரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். அச்சுக்குச் சூடு போதாது என்றீர்கள். சரிதான். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆனால் குளிர்ந்த அச்சு நிரம்புமுன்பே அது உறைந்துவிடுகிறது. இப்போது அச்சை அடுப்போரம் நன்றாகக் காய வைக்கிறேன். ஈரமும் போய்விடும், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலே உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். முதலில் வரும் குண்டுகள் திரும்பவும் சட்டிக்குத்தான். மற்றவற்றைச் சின்னத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். எடை குறைந்தால், வெளியே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் உள்ளே காற்றுப் பொந்து இருக்கக்கூடும்.

ஈயத்துக்காக உருக்கப் பழைய பற்றரித் தகடு தருகிறேன் என்ற காத்தான்குடி நானா, மன்னிக்கவும். அதில் அமிலத்தோடு ஆர்செனிக்கும் இருக்கலாம், புகை பொல்லாதது. எனக்கு வேண்டாம்.