மகளுக்கு ஞானஸ்நானம்: விசுவாசம் இல்லாத அப்பா என்ன பதில் சொல்ல?

பளுகல்காரன்:

களியக்காவிளை பக்கம் ஊரு. நாலு தலைமுறையா சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு பாடசாலை, விபிஎஸ்ங்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, சபையில முழு உறுப்பினரா சேர்க்குற திடப்படுத்தல், வாலிபர் ஐக்கியம்னு ஒண்ணு விடாம தாண்டி வந்த ஆளு நான். இப்போ விசுவாசம் இல்ல. யாரும் என்னை நோகடிக்கல, சபையில சண்டையும் கிடையாது. வேலைக்குப் பெங்களூரு போனப்பொறம் ஜெபம் பண்றது நின்னுபோச்சு. நின்னுபோனதே ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது.

மனைவி நெய்யாற்றின்கரை பக்கம். அவங்களும் சிஎஸ்ஐதான், ஆனா தென்கேரளப் பேராயம். விசுவாசப் பிரமாணத்தை அவ மலையாளத்துல சொல்லுவா, நான் தமிழ்ல சொல்லி வளந்தேன். அவளுக்கு விசுவாசம் உண்டு. நான் இப்படின்னு தெரியும், கட்டாயப்படுத்த மாட்டா.

மகளுக்கு அடுத்த மாசம் ஞானஸ்நானம் வைக்கணும்னு அம்மா ஒரே பிடி. வச்சுக்கட்டும். எனக்குள்ள சிக்கல் ஒண்ணே ஒண்ணுதான். பெத்தவங்க சபை முன்னால நின்னு, நாங்க விசுவாசிக்கிறோம், பிள்ளையை அதுல வளப்போம்னு வாய்விட்டுப் பதில் சொல்லணும். ஆராதனைக்குப் போயி சும்மா உக்காந்திருக்கது வேற. இது வாக்குமூலம்.

இதுல மச்சான் வேற ஒண்ணைக் கொளுத்திப் போட்டாரு. "இஞ்ச பொறந்ததுனாலதான் விசுவாசிச்சேன்னு சொல்லுதே. சரிடே. பெங்களூருல அந்தக் கூட்டாளிமாரோட இருந்ததுனாலதானே இப்போ விட்டே? அதுவும் வளப்புதான்." எனக்கு அதுக்கு நல்ல பதில் கிடைக்கல.

எங்க வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டுக்காரன் வீடு. அவன் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்குப் போவான், நான் கிறிஸ்மஸ் கேரலுக்குப் போவேன். 2011 கணக்குப்படி நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவங்க 46.85. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அஞ்சு அடி தள்ளிப் பொறந்திருந்தா நான் அவன் நம்புனதை இதே உறுதியோட நம்பியிருப்பேன். அந்த நெனப்பு வந்த பெறகு எனக்கு எதுவும் பழைய மாதிரி நிக்கல.

ஆனா வளப்பு போகவும் இல்ல. அம்மா சோத்துக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் சபைக்குன்னு ஒரு பிடி தனிச் சட்டியில போடுவா, பிடியரிசி. பெங்களூருல நான் குக்கர்ல அரிசி அளந்து போட்டா, கை தானா ஒரு பிடியை எடுத்துட்டு நிக்கும். எடுத்ததை எங்க போடன்னு தெரியாம திருப்பி குக்கர்லேயே போடுவேன். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு இன்னும் லீவு போட்டு வாறேன். ஒரு கோழி முட்டையை ஒருத்தர் ஏலத்துல எடுப்பாரு, சபைக்கே திருப்பிக் குடுப்பாரு, திரும்ப ஏலம். கடைசியில ஒரு முட்டை ஒரு ஆட்டு விலைக்குப் போவும். அந்தச் சிரிப்பு எனக்கு வேற எங்கேயும் கிடைக்காது.

இதே நிலைமையில யாரும் நின்னிருந்தா சொல்லுங்க. பதில் சொல்லணுமா, வாயை மூடிக்கிட்டு நிக்கணுமா?

பழைய வாத்தியார்:

தம்பி, நான் விசுவாசி. ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். உங்க மச்சான் சொன்னதைத் தள்ளிவிடாதீங்க. ஒரு நம்பிக்கை எந்த வழியா வந்துதுங்கிறது அது மெய்யா பொய்யாங்கிறதுக்குத் தீர்ப்பு ஆகாது. வாய்ப்பாட்டை நான் அடிச்சுத்தான் படிப்பிச்சேன். அதனால ஏழெட்டு அம்பத்தாறு பொய்யாயிடுமா?

வளர்ப்புதான் எல்லாம்னா நம்ம ஊருல சபையே வந்திருக்காது. மயிலாடி மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவரு. அங்க மனசு ஆறாம தஞ்சாவூர் போயி, வேதமாணிக்கம்ங்கிற பேரோட திரும்பி வந்தாரு. அவரு போயிக் கூப்பிட்டதுனாலதான் 1806-ல ரிங்கல்தௌபேங்கிற ஜெர்மன் மிஷனரி திருவிதாங்கூருக்குள்ள வந்தாரு. பெத்தவங்க மார்க்கத்தை விட்ட ஒரு ஆளாலதான் உங்க நாலு தலைமுறையும்.

அம்மாவை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. 1859-ல மகாராஜா விளம்பரம் வாறது வரைக்கும் தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைச்சு உடுத்துற உரிமைக்காக, அடி வாங்கின பெண்களுக்குப் பின்னால நின்னது இந்தச் சபையும் பள்ளிக்கூடமும். அந்தக் கதையைக் கேட்டு வளந்த வீட்டுல சபைன்னா மானம். மகன் விசுவாசத்தை விட்டான்னா, கடவுள் உண்டா இல்லையான்னு அவங்க யோசிக்க மாட்டாங்க. நன்றி கெட்டுப் போச்சேன்னுதான் நெஞ்சு அடைக்கும்.

உங்க கேள்விக்குப் பதில்: பொய் சொல்லாதீங்க. முன்கூட்டியே போதகரைப் போயிப் பாருங்க. மனைவி பதில் சொல்லலாமான்னு கேளுங்க. பெத்தவங்களில் ஒருத்தர் விசுவாசியா இருந்தா அநேகம் போதகமார் இடம் குடுப்பாங்க.

பளுகல்காரன்:

சார், போதகரைப் பாக்கது நல்ல யோசனை. ஆனா ஏழெட்டு, வேலிக்கு அந்தப் பக்கமும் அம்பத்தாறுதான். விசுவாசம் அப்படி இல்லையே. அதுதானே என் பிரச்சினை.

பழைய வாத்தியார்:

அடி பலமாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுகேன்.

பாறசாலை அக்கா:

நான் பெந்தெகொஸ்து வீட்டுல வளந்தவ. எங்க சபையில கைக்குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது. பிள்ளையைக் கடவுளுக்குன்னு ஒப்புக்குடுத்து ஜெபிக்குற பிரதிஷ்டை மட்டும். வளந்து, தானா அறிக்கை செஞ்சு, அப்புறம் முழுக்கு. கேக்க நல்லா இருக்கும், பிள்ளை தானா முடிவெடுக்குதுன்னு. பன்னெண்டு வயசுல நான் என்னத்த முடிவெடுத்தேன்? கூட்டுக்காரிகள் எல்லாம் ஆத்துல இறங்கினாங்க, நானும் இறங்கினேன்.

என்னை விடாம பிடிச்சது வேற ஒண்ணு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா வீட்டுல யாரும் இல்லைன்னா, இயேசுவோட இரண்டாம் வருகை வந்து எல்லாரும் பரலோகத்துக்கு எடுக்கப்பட்டாச்சு, நான் மட்டும் கைவிடப்பட்டேன்னு நெனச்சு வெளவெளத்து நிப்பேன். அம்மா பின்னால ரப்பர் விளையில ஒட்டுப்பால் பெறக்கிட்டு இருப்பா. இப்போ எனக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது, நாப்பது தாண்டியாச்சு. அப்படியும் சாயங்காலம் ஆளில்லாத வீட்டைத் திறந்தா வயிறு ஒருக்க கலங்கும்.

அதனால தம்பி, அந்த ஒரு நாள் பதிலைப் பத்திக் கவலைப்படாதீங்க. பிள்ளைக்கு ராத்திரி என்ன கதை சொல்லிப் பயம் காட்டுறாங்கன்னு கவனிங்க. பாட்டியும் ஏலமும் பிடியரிசியும் இருக்கட்டும். நரகத்தை மட்டும் அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கொண்டுவராதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வையுங்க. தண்ணி தெளிச்சா காஞ்சிடும்.

மேல்புறம்வழி:

எல்லாரும் பேசுறதைப் பாத்தா கொஞ்சம் பொறாமையா இருக்கு. எங்க வீட்டுல மூணு தலைமுறையா பைபிள்தான் வாசிக்கோம். பேப்பர்ல இந்து. எனக்கு சபையில ஒரு பேரு, சர்டிபிகேட்ல ஒரு பேரு. 1950 ஜனாதிபதி ஆணையில பட்டியல் சாதின்னா முதல்ல இந்து மட்டும். 1956-ல சீக்கியரைச் சேத்தாங்க, 1990-ல பௌத்தரைச் சேத்தாங்க. கிறிஸ்தவன்னு எழுதினா இங்க பிசி லிஸ்டுக்குப் போயிருவோம். அப்பா சர்க்கார் வேலைக்கு அதுல போக முடியாதுன்னு எழுதல. சபையிலயும் எங்களுக்குப் பின் வரிசைதான், அது வேற கதை.

நானும் விசுவாசத்தை விட்டாச்சு. யாருகிட்ட அறிவிக்க? தாலுகா ஆபீசுல நான் எப்பவுமே கிறிஸ்தவன் இல்ல. நீங்க விட்டா வீட்டுல ஒப்பாரி, நான் விட்டா ஒரு பேப்பரும் அசையாது. வளர்ப்புன்னு சொல்லும்போது இதையும் சேத்துக்கணும். எனக்குச் சின்னதுலேயே கத்துக் குடுத்தது ஜெபம் மட்டும் இல்ல, யாராவது கேட்டா எந்தப் பேரைச் சொல்லணும்ங்கிறதும்தான்.

உங்களுக்குப் பிரயோஜனமா ஒண்ணு: மகளைப் பள்ளியில சேர்க்கும்போது சாதி, மதம் கட்டத்தை வெறுமனே விடலாம். 1973-லயும் 2000-லயும் தமிழ்நாட்டுல அதுக்கு அரசாணை உண்டு. தெரியாத ஹெட்மாஸ்டர் தகராறு பண்ணலாம், ஆணை நகலைக் கையில வச்சுக்குங்க. ஆனா சாதியை விட்டா பிற்பாடு இடஒதுக்கீடு கேக்க முடியாது. மதத்தை மட்டும் விடலாமா, சாதி நிக்குமான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க.

பளுகல்காரன்:

மேல்புறம் அண்ணே, பின் வரிசை எங்க சபையிலயும் உண்டு. நான் முன் வரிசையில உக்காந்து வளந்தவன்ங்கிறதையும் இதுல எழுதியிருக்கணும்.

வியாழக்கிழமை போதகரைப் பாக்கப் போறோம். மனைவி பதில் சொல்லுவா, நான் பிள்ளையை வச்சுக்கிட்டு பக்கத்துல நிப்பேன். மலையாளத்துல சொல்லட்டுமான்னு கேக்கா, அதையும் போதகர்கிட்ட கேக்கணும். அம்மாட்ட இன்னும் சொல்லல, கேக்குக்கு ஆர்டர் குடுத்தாச்சாம்.

அக்கா, உங்க பிள்ளைகளை என்ன பண்ணினீங்க?

பாறசாலை அக்கா:

மூத்தவன் பாட்டியோட சபைக்குப் போறான், கீபோர்டு வாசிக்க. சின்னவ வரமாட்டேன்னு சொல்லிட்டா. பாட்டிக்கு அதுல வருத்தம், எனக்கு இல்ல. மூத்தவன்கிட்ட இதுவரை ஒண்ணும் கேக்கல. அவன் வாசிக்கது நல்லாத்தான் இருக்கு.