தாத்தாவின் தோல் வேலைப் பெட்டி: இவை என்ன கருவிகள்?

கேள்வி: பேரணாம்பட்டில் தாத்தா தோல் வேலை, சோபா வேலை இரண்டும் பார்த்தவர். அவர் பெட்டியில் அரைநிலா வடிவத்தில் ஒரு கத்தி, பல் வைத்த சின்னச் சக்கரம் (8 என்று பொறித்திருக்கிறது), ஒரு முனை பிளந்த ஒல்லியான சுத்தியல். எதற்கு இவை?

பதில்: கத்தி தோல் வெட்ட, ஓரத்தைச் சீவி மெலிதாக்கவும் அதுவேதான். சக்கரம் தையல் இடைவெளி குறிக்க; 8 என்றால் அங்குலத்துக்கு 8 தையல். துளையை அது போடாது, குத்தூசிதான் போடும்.

பதில்: சுத்தியல் குஷன் வேலைக்கு அண்ணா. பிளந்த முனையில் காந்தம் இருக்கும், ஒரு ஆணியை வைத்துப் பாருங்கள். ஆணியை அதில் ஒட்டவைத்து முதல் அடி, அப்புறம் திருப்பி மறுமுனையால் முழு அடி, ஏனென்றால் இன்னொரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்குமே! ஸ்டேப்ளர் கன் வந்தபின் யார் இதைத் தொடுகிறார்கள்?

பதில்: துருவை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முத்திரை இருந்தால் அழிந்துவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடையுங்கள், போதும்.