நல்ல ஒலிக்கருவி வந்த பிறகு பாட்டு என்ன ஆயிற்று?

மதுரையிலிருந்து

எங்கள் வீட்டுக்கு 1984ஆம் ஆண்டில் ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வந்தது. துபாயில் வேலை பார்த்த சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது சென்ட் பாட்டில்களோடும் சோப்புக் கட்டிகளோடும் கொண்டுவந்தது. அதில் இருந்தது நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான். பெல்ட்டை நான்கு முறை மாற்றி, இருபத்தைந்து ஆண்டுகள் அந்த ஒற்றை ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்டேன். வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, அறுபது நிமிடக் கேசட்டோடு மேல மாசி வீதிப் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, நான்கு நாள் கழித்துப் போய் வாங்கிவருவேன். ஆனால் அங்கே என்னைப் பிடித்துக்கொண்டவை சினிமாப் பாடல்கள் அல்ல. கடைக்காரர் தம் சொந்த ஆசைக்காகச் சேர்த்து வைத்திருந்த கச்சேரி நாடாக்கள். 1968இல் மறைந்த கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயரின் பாட்டு நமக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட கச்சேரிப் பதிவுகளாகத்தான் கிடைக்கிறது. யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் நாடாவில் பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து, மூன்று நான்கு கை மாறி என்னிடம் வந்த அந்தக் கேசட்டில் அவர் சுரம் பாடத் தொடங்கினால், வீட்டில் சமையலறைச் சத்தம்கூட நின்றுவிடும்.

2009இல் வீட்டுக் கடன் முடிந்ததும் ஆம்ப்ளிஃபையர், தரையில் நிற்கும் ஸ்பீக்கர் இரண்டு, சிடி பிளேயர், நல்ல கேசட் டெக் ஒன்று என்று வாங்கினேன். விலையில் பாதியைத்தான் மனைவியிடம் சொன்னேன். முதல் வாரம் நான் மனிதர்களோடு சரியாகப் பேசவில்லை. வயலினில் வில் திரும்பும் இடம் கேட்டது. பாடகர் மூச்சு வாங்கும் இடம் கேட்டது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையும் இடப்பக்கமான தொப்பியும் இரண்டு வெவ்வேறு தோல்கள் என்பது அன்றுதான் காதுக்குத் தெரிந்தது.

இரண்டாவது வாரம் மணி ஐயர் கேசட்டைப் போட்டேன். பாட்டுக்கு அடியில் ‘உம்ம்’ என்று ஒரு ரீங்காரம், மேலே ‘ஸ்ஸ்’ என்று நாடாவின் இரைச்சல். நடுவில் எங்கேயோ அவர் பாடிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். கேசட் கெட்டுவிட்டதோ என்று பழைய டூ-இன்-ஒன்னில் போட்டுப் பார்த்தால், அவர் எப்போதும்போல எதிரே உட்கார்ந்து பாடினார்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவு செய்தபோது அதிலிருந்து நாடாவில் ஏறிவிட்ட அந்த ரீங்காரத்தை வெளியிடும் வலு நாலு அங்குல ஸ்பீக்கருக்கு இல்லை. உச்சத்தில் இருக்கும் நாடா இரைச்சலையும் அது பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அதனுடைய இயலாமைதான் இத்தனை ஆண்டுகளாக எனக்குச் சல்லடையாக இருந்திருக்கிறது. புதிய ஸ்பீக்கர்கள் நேர்மையானவை. நாடாவில் உள்ளதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டன. போதாததற்கு, என் அறை 12 அடி நீளம். அந்த நீளத்துக்கு இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி தேங்கி ஓங்குவது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸில். ரீங்காரத்துக்கும் அதற்கும் இடையே விரற்கடைத் தூரம்தான். நானோ நாற்காலியைப் பின்சுவரை ஒட்டி, அந்த ஒலி மிக அதிகமாகத் திரளும் இடத்தில் போட்டிருந்தேன்.

நான் உண்மையில் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. பழைய கச்சேரிகளைப் போடுவதை நான் முடிவு செய்து நிறுத்தவில்லை. அது தானாகவே நின்றுபோயிற்று. அவற்றின் இடத்தில் ‘நன்றாகப் பதிவான’ இசைத்தட்டுகள் வந்தன. என்னிடம் நானூறுக்கும் மேற்பட்ட கேசட்டுகளும் சிடிக்களும் இருந்தன; 2012 தீபாவளிக்கு அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன், அந்த ஆண்டு முழுவதும் தூசி படியாமல் இருந்தவை இருபத்து மூன்றுதான். அவற்றிலும் ஏழெட்டு, இசையாக எனக்குப் பிடிக்கவே பிடிக்காதவை. மேளம் எப்படி விழுகிறது, மணி எப்படி ஒலிக்கிறது என்று வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தவை. “அந்தப் பாட்டையே எத்தனை தடவை அரை நிமிஷம் அரை நிமிஷமா போடுவீங்க?” என்று மனைவி கேட்டது கேலியாக இல்லை. ஆகவே, நல்ல கருவி என் ரசனையை மழுங்கடித்தது என்று பொதுவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போட்ட பாட்டை முன்னைவிட நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் எதைப் போடுவது என்ற தேர்வை என் கையிலிருந்து அது வாங்கிக்கொண்டது.

இடையில் ஆம்ப்ளிஃபையரை மாற்றும் ஆசையும் வந்தது. சென்னையில் ஒரு கடையில் இருமடங்கு விலையுள்ளதைப் போட்டுக் காட்டினார்கள். மறுக்க முடியாத தெளிவு. வீட்டில் சோதித்துப் பார்க்கத் தந்தார்கள். இரண்டின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதபடி மகனை மாற்றச் சொன்னேன். இருபது முறையில் நான் சரியாகச் சொன்னது பதினொன்று. பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வந்திருக்கும். ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். கடையில் விலை உயர்ந்தது சற்றே உரக்க ஓடியிருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியில் பணம் செலவில்லாத ஒன்றுதான் உதவியது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து எடுத்து அறையின் நடுப்பகுதியில் போட்டேன். சுவரோரம் திரளும் அந்த 47 ஹெர்ட்ஸ் ஒலி அறையின் நட்ட நடுவில் மெலிந்துவிடும். ரீங்காரம் முழுவதும் போகவில்லை, ஆனால் பாட்டுக்கு அடியில் அடங்கிக்கொண்டது. கணினியில் ஏற்றி 50, 100 ஹெர்ட்ஸ்களை வடிகட்டியும் பார்த்தேன். ரீங்காரத்தோடு தொப்பியின் அடிநாதமும் கொஞ்சம் போனதால் விட்டுவிட்டேன். அறையின் நடுவே நாற்காலி கிடப்பது வீட்டாருக்கு இன்றும் இடைஞ்சல்தான்.

பெங்களூரிலிருந்து

மதுரை அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு நேர்ந்தது நேர் எதிரானது. என் பட்டியல் நீண்டது. எட்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றேன், எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோடு. கைப்பேசி ஸ்பீக்கரில் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு, சுருதிக்காக விடாமல் மீட்டும் தம்புரா என்பது மேடையில் பின்னால் ஒருவர் பிடித்திருக்கும் அலங்காரப் பொருளாகவே இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய, காதை முழுவதும் மூடாத ஒயர் ஹெட்ஃபோனில் ஒரு விருத்தம் கேட்டபோது, பாடகி நிறுத்திய இடைவெளியில் பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகளும் தனித்தனியாக வந்து, ஒன்றின் மிச்சத்தின்மேல் இன்னொன்று படிவதைக் கேட்டேன். தந்திகளைத் தாங்கும் குதிரையில் வைக்கும் அந்த ஜீவா நூல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று என் ஆசிரியை சொன்னபோது தலையாட்டியிருக்கிறேனே ஒழியப் புரிந்திருக்கவில்லை. பாடகி எந்தச் சுரத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்பது அன்றுதான் விளங்கியது.

வீணையும் அப்படித்தான். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு சுரங்களை எடுப்பதுதான் வீணையின் உயிர். ஆனால் மீட்டிய கணத்துக்குப் பின் ஒலி தேய்ந்துகொண்டே போவதால், அந்தச் சுரங்கள் வரும்போது ஒலி மிகச் சன்னமாகியிருக்கும். சின்ன ஸ்பீக்கரிலும் போக்குவரத்து இரைச்சலிலும் மீட்டு மட்டும்தான் கேட்கும், வால் கேட்காது. ‘டொங் டொங்’ என்று சலிப்பூட்டுகிறது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த வாத்தியம் அது. இப்போது வாரத்தில் பாதி நாள் வீணைதான் கேட்கிறேன்.

ஒரு மனக்குறை உண்டு. டிசம்பரில் விடுப்பு எடுத்துச் சென்னைக்கு வந்து சபாவில் உட்கார்ந்தால், வயலினுக்கும் மைக், கடத்துக்கும் மைக், எல்லாம் ஒரே மட்டத்தில் உரக்க. தம்புரா மறுபடியும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது.

சாத்தூரிலிருந்து

அப்பா டீக்கடை வைத்திருந்தார். கடையில் இருந்தது 4440 ஐசி போட்டு உள்ளூரிலேயே அசெம்பிள் செய்த ஆம்ப். ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்திருப்போம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதற்காகவே எங்கள் கடைக்கு வருவார்கள் என்று அப்பா நம்பினார். பானைக்கு ஒரே ஒரு சுரம்தான் தெரியும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ‘தும்’. தபேலாவும் தவிலும் பேஸ் கிட்டாரும் அங்கே ஒரே ஆள். இப்போது வீட்டில் நல்ல செட் வைத்திருக்கிறேன், பேஸ் கிட்டார் ஏறுவதும் இறங்குவதும் கேட்கிறது. அந்தக் காலம்போல வருமா என்று எல்லாரும் எழுதுவார்கள் என்பதால் சொல்கிறேன்: அப்பாவை நினைத்து ஏங்கியதுண்டு, பானையை நினைத்து ஏங்கியதில்லை.

ராஜபாளையத்திலிருந்து

எனக்கு வயது அறுபத்தெட்டு. நூற்பாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு எடுத்த செவிச் சோதனையில், 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்ததைப்போல இறங்கியிருந்தது. எந்திர இரைச்சலில் உழைத்தவர்களின் காதுக்கு அதுதான் முத்திரை என்று சோதித்த அம்மையார் சொன்னார். ஆகையால் இந்தப் பேச்சில் நான் சொல்லும் ஒலிக்கருவி, காதில் மாட்டும் கருவி. என் வாழ்நாளில் நான் வாங்கியவற்றுள் மிக விலை உயர்ந்த ஒலிக்கருவியும் அதுதான்.

பேச்சு நன்றாகக் கேட்டது. பேத்தி சொல்லும் ‘ச’வும் ‘ஸ’வும் வேறாகத் தெரிந்தன. நான்காம் நாள் இரவு புல்லாங்குழல் போட்டேன். நெடிதாக நிற்க வேண்டிய சுரம் நடுங்கியது. யாரோ தண்ணீருக்குள் இருந்து ஊதுவதைப்போல அலைந்தது. தம்புரா முதலில் வந்தது, பத்து விநாடியில் மெல்ல மறைந்தது, பாட்டு ஓங்கும்போது மறுபடி தலைகாட்டியது. கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். மங்கலாக இருந்தாலும் சுரம் ஆடாமல் நின்றது. அன்றிரவு நான் பட்ட வருத்தத்தை விரித்து எழுதவில்லை.

வாங்கிய இடத்தில் முதலில் “பழகிவிடும்” என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது முறை போனபோது அந்த அம்மையாரே உட்கார்ந்து விளக்கினார். காதுக்கருவியின் ஒலி மறுபடி அதன் மைக்குக்குள்ளேயே புகுந்தால் ‘கீ’ என்று விசிலடிக்கும். அதைக் கண்டுபிடித்து அடக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருக்கிறது. அசையாமல் நீளும் குழல் ஒலியை அது விசில் என்று எண்ணி அடக்கப் பார்க்கிறது. நடுக்கம் அந்தப் போராட்டத்தின் ஒலி. அதேபோல, ஏற்ற இறக்கமின்றித் தொடரும் எதையும் மின்விசிறிச் சத்தம், மோட்டார் சத்தம் என்று குறைத்துவிடுவது இன்னொரு ஏற்பாடு. பெங்களூரு மகள் முதல் சம்பளத்தில் கண்டெடுத்த தம்புராவை, என் கருவி இரைச்சல் என்று தீர்மானித்திருக்கிறது. ஆலைக்குள் முப்பத்தோரு ஆண்டுகள் என் காதைத் தின்ற இரைச்சலும் தம்புராவும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

இசைக்கென்று தனி நிரல் ஒன்றை அமைத்துத் தந்தார்; அதில் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் நிறுத்தியிருக்கிறார். காதருகே கையைக் கொண்டுபோனால் விசிலடிக்கும். மின்விசிறியும் பாட்டோடு சேர்ந்து சுற்றும். இருந்தாலும் சுரம் நிற்கிறது, தம்புரா போகவில்லை. கேட்பதற்கு முன் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டு கேட்கிறேன். யாராவது பேச வந்தால் கையைக் காட்டிவிடுவேன், அந்த நிரலில் பேச்சு சரியாகப் பிடிபடாது.

மதுரைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்த மணி ஐயர் கச்சேரியின் நகல் ஒன்று கிடைக்குமா? வடிகட்டியது வேண்டாம். ‘உம்ம்’ எனக்குக் கேட்கிறதா, கேட்டால் எந்த நிரலில் கேட்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து

நாளைக்கே அனுப்பி வைக்கிறேன் ஐயா. கேசட்டாக வேண்டுமா, பென் டிரைவில் போதுமா என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் சுரம் பாடும் இடத்துக்கு முன் யாரோ இருமுவார். அது பழைய டூ-இன்-ஒன்னிலும் கேட்கும்.