டிரையர் உறுமுகிறது, சுற்றவில்லை: மோட்டார்தான் போய்விட்டதா?

காவிரிக்கரை (கும்பகோணம்)
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். பழசுதான், ஆனாலும் துவைக்கும் பக்கம் ஒரு குறையும் இல்லை. டிரையர் பக்கம்தான் தகராறு. மூடியைச் சாத்தி டைமரைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. தொட்டி அசைவதில்லை, அல்லது வேண்டாவெறுப்பாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. துணி போடாமல் ஓட்டினாலும் அதே கதை. நேற்று ரப்பர் கருகும் வாசனையும் லேசாக வந்தது. பார்க்க வந்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றவே இல்லை. சத்தத்தைக் கேட்டார், "மோட்டார் எரிந்துவிட்டது, 2,800 ரூபாய் ஆகும்" என்றார், போய்விட்டார். ஐப்பசி அடைமழையில் பள்ளிச் சீருடைகள் கொடியிலேயே நாறுகின்றன. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, பயன்படுத்தவும் தெரியும். நானே பார்க்கலாமா?

வைகைக்கரை
டிரையர் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடிகுழாய் தரையில் படாமல் உயரத்தில் மாட்டியிருந்தாலோ, நூலும் பஞ்சும் அடைத்திருந்தாலோ, கூடை தண்ணீருக்குள் உழன்றுகொண்டிருக்கும். கைக்குட்டையோ குழந்தையின் காலுறையோ கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் விழுந்து சிக்கிக்கொள்வதும் உண்டு.

காவிரிக்கரை
தண்ணீர் இல்லை, துணியும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் மூடியைத் திறந்து கூடையைக் கையால் திருப்பினால் இறுக்கமாக இருக்கிறது. அப்படியென்றால் மோட்டார் இறுகிவிட்டதா?

பழைய ஸ்பானர் (மதுரை)
இல்லையம்மா, அவசரப்படாதீர்கள். மூடி திறந்திருக்கும்போது கூடை இறுக்கமாக இருப்பதுதான் முறை. மூடியைத் தூக்கியவுடன் பிரேக் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் ஓடும் கூடைக்குள் யாராவது கையை விட்டுவிடுவார்கள். மூடியைத் திறந்து வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

சரியான சோதனை இப்படி. பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளை அல்லது கறுப்பு டப்பா போல ஒரு கெபாசிட்டர் இருக்கும், மோட்டார் கிளம்ப உதவுவது அதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரு வயர்களை அதன் முனைகளில் சற்று நேரம் தொடவைத்துத் தீர்த்துவிடுங்கள். வயரின் உலோக நுனியில் விரல் படக்கூடாது. அதன்பிறகுதான் உள்ளே கை.

இப்போது டிரையர் மூடியை சாத்திவிட்டு, தொட்டிக்கு அடியில் மோட்டார் தண்டோடு சேர்ந்திருக்கும் வட்டமான கப்ளிங்கைப் பின்பக்கத்திலிருந்து திருப்புங்கள். லேசாகச் சுழன்றால் பிரேக்கும் பேரிங்கும் நலம், அடுத்துக் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் இறுக்கமாக இருந்தால் பிரேக் விடவில்லை, அல்லது மோட்டாரின் தண்டு இறுகியிருக்கிறது. எது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்குள் எதையும் வாங்க வேண்டாம்.

டொரொன்டோவாசி
இங்கே எங்கள் டிரையரில் இப்படித்தான் ஆனது. பஞ்சு வடிகட்டியையும் வெளியே போகும் காற்றுக்குழாயையும் சுத்தம் செய்து, வெப்பத் தடுப்பு ஃபியூஸை மாற்றியதும் சரியாகிவிட்டது.

பழைய ஸ்பானர் (மதுரை)
தம்பி, உங்களுடையது சூடான காற்றில் காய வைக்கும் இயந்திரம். அம்மா கேட்பது துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறும் தொட்டி. இதில் ஹீட்டரே கிடையாது, வெப்பத் தடுப்பு ஃபியூஸைத் தேடப் போனால் பொழுதுதான் போகும்.

மின்னல்கொடி
மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதன் இரண்டு வயரையும் நேரடியாக இணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய ஸ்பானர் (மதுரை)
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். முதலாவது, மோட்டார் உறுமுகிறது என்றாலே மின்சாரம் அதுவரை வந்துவிட்டது என்றுதான் பொருள், சுவிட்சில் குறையே இல்லை. இரண்டாவது, ஓடும் கூடையில் ஈரத்துணியின் ஒரு நுனி விரலில் சுற்றினால் போதும், கையை முறுக்கி ஒடித்துவிடும். மின்னல்கொடி, உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே அந்த இணைப்பைப் பிரித்துவிடுங்கள்.

காவிரிக்கரை
ஐயா சொன்னபடியே செய்தேன். மூடியைச் சாத்தியிருந்தபோதும் இறுக்கம்தான். கப்ளிங்கின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் கட்டை உரசிக்கொண்டிருக்கிறது, அதன் ஓரம் கருகிப் பளபளக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி மேலே மூடி வரை போகிறது. அந்தக் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்தால் கட்டை விலகி, கூடை தாராளமாகச் சுற்றுகிறது!

பழைய ஸ்பானர் (மதுரை)
குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அது பிரேக் கம்பி. மூடியைச் சாத்தும்போது அது மேலே இழுபட்டுக் கட்டையை விலக்க வேண்டும். நாளாக ஆக நீண்டு தொய்ந்துவிடும், உறைக்குள் துரு ஏறினாலும் முழுதாக இழுபடாது. உங்களுக்கு வந்த கருகல் வாசனை மோட்டாரின் வாசனை அல்ல, அநேகமாக இந்தக் கட்டையின் வாசனை.

மேல்முனை மூடியின் நெம்பில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். சில மாடல்களில் அடுத்தடுத்து இரண்டு மூன்று துளைகள் இருக்கும், சிலவற்றில் கீழே திருகு இருக்கும். தொய்வை எடுங்கள், ஆனால் அளவோடு. மூடியைச் சாத்தினால் கட்டை கப்ளிங்கைத் தொடவே கூடாது, திறந்தால் உடனே கவ்வ வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். கம்பி துருவேறியிருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் புதிதாக மாற்றுங்கள். எண்ணெய் வழிந்து கட்டையில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

காவிரிக்கரை
கொக்கியை அடுத்த துளைக்கு மாற்றினேன். கட்டை சரியாக விலகுகிறது, திறந்தால் பிடிக்கவும் செய்கிறது. பின்மூடியைப் பூட்டிவிட்டு வெறும் கூடையோடு ஓட்டினேன்: சுற்றுகிறது. ஆனால் ஈரத்துணி போட்டால் கிளம்பத் திணறுகிறது, உறுமிவிட்டு மெதுவாகத்தான் வேகம் எடுக்கிறது.

பழைய ஸ்பானர் (மதுரை)
இப்போதுதான் கெபாசிட்டரின் முறை. இந்த மோட்டார் ஒற்றை ஃபேஸில் ஓடுவது. கெபாசிட்டர் வலுவிழந்தால் உறும மட்டும் தெரியும், கிளம்பத் தெரியாது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஒரே டப்பாவில் துவைக்கும் மோட்டாருக்கும் டிரையருக்குமாக இரண்டு அளவுகள் இருக்கலாம், சிறிய எண்தான் பெரும்பாலும் டிரையருடையது. கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் மாறினால் வேறு வம்பு.

கையோடு மோட்டாரையும் சோதித்துவிடலாம். அதன் மூன்று வயர்களையும் தனியே பிரித்து, இரண்டிரண்டாக மின்தடையை அளக்க வேண்டும். சிறிய அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். எந்த வயருக்கும் மோட்டாரின் உடம்புக்கும் தொடர்பு காட்டக் கூடாது.

காவிரிக்கரை
மோட்டார்: 46, 78, 123 ஓம். உடம்போடு தொடர்பு இல்லை. கெபாசிட்டரில் 5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது, மீட்டர் 2.9 காட்டுகிறது.

பழைய ஸ்பானர் (மதுரை)
மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, தாராளமாக நம்பலாம். கெபாசிட்டரை மாற்றுங்கள். அதே 5 மைக்ரோ ஃபாரட், அதே 440 வோல்ட் ஏசி. கடைக்காரர் "6 போடுங்கள், இன்னும் வேகமாக ஓடும்" என்பார், கேட்காதீர்கள், மோட்டார் சூடேறும். 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மோட்டாரின் தலைமேல் தண்ணீர்த் தடம் அல்லது துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் உறை (பெல்லோ) கிழிந்தால் தண்ணீர் நேராக மோட்டாரில்தான் சொட்டும்.

காவிரிக்கரை
மாற்றிவிட்டேன். டைமரைத் திருப்பியதும் ஈரத்துணியோடு கிளம்புகிறது. மோட்டாரின் மேலே தூசிதான், தண்ணீர்த் தடம் இல்லை. கெபாசிட்டருக்கு ஆன செலவு 140 ரூபாய். மிக்க நன்றி, ஐயா.

தாமிரபரணி
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் டிரையரில் உறுமல்கூட இல்லை, டைமர் மட்டும் டிக் டிக் என்று ஓடி முடிகிறது. இதற்கும் கெபாசிட்டர்தானா?

பழைய ஸ்பானர் (மதுரை)
பெரும்பாலும் இல்லை. சத்தமே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடி சுவிட்சில் தொடங்குங்கள்: மூடியைச் சாத்தினால் அதன் இரண்டு தகடுகளும் தொட வேண்டும். கரி படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள், தகடு வளைந்திருந்தால் புது சுவிட்ச் போடுங்கள். அது சரியாக இருந்தால் டைமரின் தொடுமுனைகள், அதன்பிறகு எலி கடித்த வயர். உங்கள் மெஷின் கொல்லைப்புறத்தில் இருக்கிறதென்றால் எலியிலிருந்தே தொடங்குங்கள்.