பைத்தான் 3.6ஐத் தூக்கியவர்கள் 2029க்குப் பதில் சொல்லட்டும்

பழையசர்வர்:
"பைத்தான் நிரல்மொழியில் ஒரு பதிப்பின் ஆயுள் முடிந்த அன்றே லைப்ரரிகள் (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) அதற்கான ஆதரவைத் தூக்கிவிட வேண்டும், இன்னும் 3.6இல் உட்கார்ந்திருப்பவர்கள் சோம்பேறிகள்" என்று, நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரியை எழுதிப் பராமரிக்கும் இரவுநிரலர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கள் சர்வர்கள் ரெட் ஹாட் நிறுவனத்தின் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதிலுள்ள 3.6க்கு 2029 மே வரை ரெட் ஹாட் ஆதரவு தருகிறது. ஆதரவு உள்ள ஒன்றைப் பயன்படுத்துபவன் எப்படிச் சோம்பேறி ஆவான்?

இரவுநிரலர்:
சோம்பேறி என்றுதான் எழுதினேன், மாற்றப் போவதில்லை. 3.6 வந்தது 2016 டிசம்பரில். பைத்தான் குழு அதை மூடியது 2021 டிசம்பரில். நீங்கள் சொல்லும் 2029, ரெட் ஹாட் பணம் வாங்கிக்கொண்டு தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்தப் பணத்தில் எனக்கு ஒரு காசு வந்ததா? வராதபோது அந்த வாக்கை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்?

பழையசர்வர்:
தேதியைக் கேட்டால் காசைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2029 சரியா, தவறா?

முடிச்சு:
தேதி சரிதான். ஆனால் அது அந்த லினக்ஸின் உள்வேலைக்கான பைத்தானுக்கு. மென்பொருள் நிறுவும் டிஎன்எஃப் போன்ற கருவிகள் ஓடுவதற்காக அதைத் தனி இடத்தில் வைத்திருக்கிறார்கள். நம் நிரலை அதில் ஓட்டச் சொல்லவில்லை.

பழையசர்வர்:
முடிச்சு, அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள். உள்வேலைக்கான பைத்தான் வேறு. பயனர்கள் நிறுவிக்கொள்ள 3.6 தனி மாட்யூலாகவும் வருகிறது, அதற்கும் அதே ஆயுள்தான். 2029. இன்னொன்றும் கேளுங்கள். "3.8க்குப் போங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று இதே ஆட்கள் அன்று சொன்னார்கள். நம்பி ஒரு பகுதியை மாற்றினோம். ரெட் ஹாட் தன் 3.8 மாட்யூலை 2023 மே மாதமே நிறுத்திவிட்டது. பைத்தான் குழு 3.8ஐ மூடியதே 2024 அக்டோபரில்தான். புதியதற்குப் போன சர்வர்கள் நடுத்தெருவில் நின்றன, பழையதில் இருந்தவை இன்றும் ஓடுகின்றன. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் பேசுகிறேன். உங்கள் மடிக்கணினியில் நேற்று நிறுவிய பதிப்பை வைத்து எனக்குப் பாடம் நடத்தாதீர்கள்.

முடிச்சு:
அதே ரெட் ஹாட் 8இல் 3.11 இருக்கிறது, 3.12 இருக்கிறது. 3.6ஐத் தொடாமல் பக்கத்திலேயே நிறுவலாம். ஒரு வரிக் கட்டளை.

பழையசர்வர்:
நிறுவ ஒரு வரி. அப்புறம் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது? 3.6க்கு மட்டும் ஒப்புதல் தந்திருக்கும் விற்பனையாளரிடம் யார் பேசுவது? ஒரு வரியாம்!

இரவுநிரலர்:
சரி, உங்களுக்கு என்னதான் உடைந்தது? எந்தப் பைத்தானில் ஓடும் என்று தொகுப்பிலேயே ஒரு வரி எழுதுகிறோம். தொகுப்புகளை இறக்கி நிறுவும் பிப் என்ற கருவி, 2016இல் வந்த 9ஆம் பதிப்பு முதல், அந்த வரியைப் பார்த்து உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் பழைய வெளியீட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்தப் பிப்பே 22.0இல் 3.6ஐக் கைவிட்டுவிட்டது. நம்பை என்ற கணக்கீட்டு லைப்ரரி 1.19ஓடு நிறுத்திக்கொண்டது. அங்கெல்லாம் போய் 2029 என்று கேட்டீர்களா?

பழையசர்வர்:
உடைந்ததைச் சொல்கிறேன். அந்த ஒரு வரியை எழுதாமலே நீங்கள் ஒரு வெளியீட்டை விட்டீர்கள். உள்ளே வால்ரஸ் குறி, அதாவது := குறி. அது 3.8இல்தானே வந்தது? பிப் நல்லபிள்ளையாக இறக்கிக் கொடுத்தது, இரவு இரண்டு மணிக்கு எல்லாச் சேவையும் சின்டாக்ஸ் பிழையோடு விழுந்தது. அதற்கு எண் 4.2.7! ஒரு பைத்தான் பதிப்பையே தூக்கிவிட்டு, கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டுவதா? 5.0 என்று போட்டிருந்தால் பெரிய மாற்றம் என்று நாங்கள் உஷாராக இருந்திருப்போம்.

இரவுநிரலர்:
ஆறு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றேன். எண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். பைத்தான் பதிப்பைக் கைவிடுவது எங்கள் இடைமுகத்தை (மற்ற நிரல்கள் லைப்ரரியை அழைக்கும் முறையை) மாற்றுவது ஆகாது, முதல் இலக்கம் மாற வேண்டியதே இல்லை.

சொல்லாய்வு:
இத்தனை பேர் "லைப்ரரி, லைப்ரரி" என்கிறீர்கள். நிரலகம் என்ற நல்ல சொல் இருக்கிறதே?

பழையசர்வர்:
முதலில் அது என் சர்வரில் ஓடட்டும், அப்புறம் பெயர் வைக்கலாம்.

சொல்லாய்வு:
மொழியைப் பற்றிப் பேசினால் எப்போதும் இந்தப் பதில்தான். போன மாதமும் இப்படித்தான் வாயை அடைத்தீர்கள்.

இரவுநிரலர்:
பழையசர்வரின் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. 3.6க்காக அவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்டை (நிரல் மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கையை) இரண்டு வருடம் முன் மூடினேன். அறுநூறு வரி, ஒரு டெஸ்ட் கிடையாது. நிரலைச் சோதிக்கக் கிட்ஹப் தளம் தரும் உபுண்டு 22.04 லினக்ஸ் இயந்திரங்களில் 3.6ஐ நேரடியாக நிறுவவே முடியாது, கன்டெய்னர் (தனித்த இயங்குசூழல்) கட்டி ஓட்ட வேண்டும். அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். பதிலே வரவில்லை.

பழையசர்வர்:
பதில் எழுதினேன். மூடிய பிறகு எழுதியதால் நீங்கள் படிக்கவில்லை. மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை அது. நன்றி என்ற ஒரு சொல்கூட இல்லாமல் மூடினீர்கள்.

முடிச்சு:
இருவருக்கும் ஒத்துவருகிற மாதிரி, 3.6இல் ஓடும் பழைய பதிப்புக் கிளையில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் ஒரு வருடம் விடலாமே?

இரவுநிரலர்:
யார் விடுவது? நீங்களா?

பழையசர்வர்:
ஒரு வருடம் எதற்கு? 2029 மே வரை விடட்டும். இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியும், அந்தத் தேதி தவறு என்று ஒருவராவது காட்டினீர்களா?

இரவுநிரலர்:
தேதி உங்களுடையது, லைப்ரரி என்னுடையது. 3.9ஐயும் அடுத்த வெளியீட்டில் தூக்குகிறேன்.

பழையசர்வர்:
தூக்குங்கள். இந்த முறையாவது அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தூக்குங்கள்.